கப்பலில் கற்ற அளவுகோல்

உத்தியோகத்திலோ உடலுழைப்பிலோ பாதி ஆயுளைக் கழித்துவிட்டுப் பின்னர் நாவல் எழுதப் புகுந்த ஒருவரைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம், அவரிடம் அனுபவம் குவிந்து கிடந்தது, அதை எடுத்து எழுதினார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது விமர்சகர்களின் வழக்கமாகிவிட்டது. இந்த விளக்கத்துக்கு ஜோசப் கான்ராடைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஆயினும் அவரிடத்திலேயே அது பொய்த்துப்போகிறது.

போலந்துக் குடும்பமொன்றில் 1857-இல் பிறந்து, பதினாறு வயதில் மார்சேய் துறைமுகத்துக்குச் சென்று, முதலில் பிரெஞ்சுக் கப்பல்களிலும் 1878 முதல் ஆங்கில வர்த்தகக் கப்பல்களிலும் வேலை பார்த்து, 1886-இல் கப்பல் தலைவனுக்குரிய சான்றிதழைப் பெற்ற அவர், கடலை விட்டது 1894-இல். முதல் நாவலான ‘ஆல்மேயரின் மடமை’ அடுத்த ஆண்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 37; எழுதிய பாஷையோ, போலிஷுக்கும் பிரெஞ்சுக்கும் பிறகு வாலிபத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலம். 1884-இல் ‘ரிவர்ஸ்டேல்’ கப்பலின் தலைவரோடு பிணங்கிச் சென்னையில் இறங்கிவிட்ட அவர், பம்பாய்க்குப் போய் ‘நார்சிசஸ்’ என்னும் கப்பலில் சேர்ந்தார். அந்தப் பிரயாணந்தான் 1897-இல் நாவலாயிற்று. அந்தப் பிணக்குக்கு நாம் நன்றி பாராட்டலாம்.

இவ்வளவும் அனுபவக் கட்சிக்குச் சாதகமானவையே. ஆனால் 1904-இல் வெளிவந்த ‘நாஸ்ட்ரோமோ’வை என்ன செய்வது? அதன் களமான தென்னமெரிக்கக் கரையை அவர் இளமையில் ஏதோ சில நாட்கள் எட்டிப்பார்த்ததோடு சரி. மற்றதெல்லாம் பிறருடைய புத்தகங்களைப் படித்து, ஒரு கற்பனைக் குடியரசையும் அதன் வெள்ளிச் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் அவர் சிருஷ்டித்ததே. அதுவே அவருடைய மிகப் பெரிய சாதனை என்று கருதுவோர் பலர்; நானும் அவர்களோடு சேர்ந்தவனே.

ஆகவே, கடல் வாழ்க்கை அவருக்குக் கொடுத்தது கதைப் பொருளன்று, மனிதனை நிறுத்துப் பார்க்கும் ஓர் அளவுகோல் என்பதே என் கருத்து. ஒருவன் எந்தக் குலம், என்ன பேசுகிறான், என்ன எண்ணுகிறான் என்பவையெல்லாம் இரண்டாம் பட்சம். அவனிடம் ஒப்படைத்த வேலையை, ஒருவரும் பாராத நடுநிசியில், உயிருக்கு அபாயம் வந்த கணத்தில், விட்டானா விடவில்லையா என்பதே கேள்வி. கதாநாயகன் நாஸ்ட்ரோமோ துறைமுகக் கூலிகளின் மேஸ்திரியாக இருப்பதும், நம்பி ஒப்படைத்த வெள்ளியே அவனைச் சோதிப்பதும் இந்த அளவுகோலின் விளைவுகளே.

‘லார்ட் ஜிம்’மில் இந்த முறையின் பலமும் ஊனமும் ஒரே இடத்தில் தெரிகின்றன. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஹஜ் யாத்திரிகர்களோடு சென்ற ‘ஜெத்தா’ என்னும் கப்பலை 1880-இல் அதன் அதிகாரிகள் கைவிட்டு ஓடியதும், கப்பல் மூழ்காமல் ஏடன் வந்து சேர்ந்ததும் சரித்திரம். இதனை ‘பாட்னா’ என்னும் கப்பலாக்கி, குதித்துவிட்ட இளம் அதிகாரி ஒருவனுடைய மனச்சாட்சியை நூற்றுக்கணக்கான பக்கங்களில் அலசுகிறார் கான்ராட். அந்த ஒரு கணத்தை இத்தனை கோணங்களிலிருந்து பார்க்க, அதிகாரியாக இரவுக் காவல் நின்று பழகியவனாலேயே முடியும். ஆனால் அதே கப்பலில், அதிகாரிகள் ஓடிய பின்னும், மலாய்க்காரச் சுக்கானிகள் இருவர் சுக்கானை விடாமல் நின்றிருக்கிறார்கள். ஆசிரியரின் அளவுகோலின்படி அந்நாவலின் உண்மையான வீரர்கள் அவர்களே. விசாரணை மன்றத்தில் அவர்களுக்குக் கிடைப்பதோ சில வரிகள். அவர்களுள் முதியவன், வெள்ளையர்கள் உயிருக்குப் பயந்து ஓடுவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை, ஏதோ ரகசியக் காரணம் இருக்குமென்று நினைத்ததாகச் சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறான். கலைஞன் அவனைக் கண்டுவிட்டான் என்பது அதிசயம். கண்ட பின்னும் கூடவே போகவில்லை என்பது குறை. ‘பாட்னா’வின் எண்ணூறு யாத்திரிகர்களோ கீழ்த்தளத்தில் உறங்கும் ஒரு கூட்டமாகவே இருந்துவிடுகிறார்கள்.

காங்கோவில் 1890-இல் கண்டவற்றிலிருந்து பிறந்த ‘இருளின் இதயம்’ குறித்து நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975-இல் எழுப்பிய கண்டனம் பிரசித்தமானது: ஆப்பிரிக்கர்கள் அங்கே மனிதர்களாக இல்லை, ஓர் ஐரோப்பியன் சிதைவதற்கான பின்னணியாகவே இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் ஒன்றைக் கூட்டிச் சொல்லலாம். கதை சொல்லும் மார்லோ, செத்துப்போன ஆப்பிரிக்கச் சுக்கானி ஒருவனை நினைத்து வருந்துகிறான். காரணம், அவன் தன்னோடு நின்று படகைச் செலுத்தியவன். உடன் வேலை செய்தவன் மனிதனாகிறான். கரையில் நின்றவன் நிழலாகிறான். நேர்மையைப் பிறப்பித்த வேரிலிருந்தே குருட்டுத்தனமும் முளைத்திருக்கிறது. கான்ராட் படைத்த பெண்களில் பெரும்பாலோர் உயிரற்றுப்போனதற்கும், அவர்கள் கப்பலில் வேலை பார்த்ததில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மர்மத்தை வர்ணிக்கையில் விசேஷணங்களை அடுக்கிவிடுகிறார் என்று விமர்சகர் எப். ஆர். லீவிஸ் குற்றம் சாட்டியது நியாயமே. ஆனால் பழுதுபட்ட நீராவிப்படகுக்கு ரிவெட்டு ஆணிகள் கிடைக்காமல் மார்லோ தவிக்கும் இடத்தில் இந்த ஆடம்பரம் இல்லை. கையில் வேலை இருக்கும்போது வாக்கியமும் வேலை செய்கிறது.

1917-இல் நூலாக வந்த ‘நிழற்கோடு’ இதற்குச் சாட்சி. 1888-இல் ‘ஒட்டாகோ’ என்னும் கப்பலுக்குத் தாம் முதன்முதல் தலைமை வகித்ததை, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, காற்றில்லாக் கடலில் நோயாளி மாலுமிகளோடு சிக்கிக்கொண்ட ஓர் இளந்தலைவனின் கதையாக அவர் எழுதினார். வீண் அலங்காரம் குறைவு, ஆழம் அதிகம். அங்கே நான் மேலே சொன்ன ஊனமும் தலைகாட்டவில்லை. ஆனால் அது தீர்ந்துவிட்டதாக நான் நம்பவில்லை, கதை கப்பலை விட்டு இறங்காததால் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்றே எண்ணுகிறேன்.