பசுமைத் தச்சு என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதி இருக்கா?

கடலூரில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு தோறும் கூடி மரவேலை செய்கிறோம். ஐ.டி., பேங்க், ஸ்கூல் வாத்தியார் என்று எல்லோரும் பொழுதுபோக்காக வந்தவர்கள். போன மாசம் அடித்த நோட்டீஸில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த தச்சு’ என்று போட்டோம். அந்த வார்த்தைக்கு நாங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்பது என் கட்சி. விமர்சனம் என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் பேலட். புது மரம் வெட்டுவதில்லை, பழைய இரும்புக் கடைக்கு வரும் பேலட்டைத்தான் பிரிக்கிறோம் என்பது எங்கள் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கப்பலேறி வரும் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் படம், நாட்டின் குறியீடு, கூடவே இரண்டு எழுத்து. ஹெச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு என்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்திய பொருள் அது. சரக்கோடு வரும் பூச்சியைத் தடுக்கப் போடும் புகைக்கு மட்டும் விலக்கு உண்டு. பேலட் மேல் எந்த டிரம் நின்றது, என்ன சிந்தியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. என் மகளுக்குப் பேனா ஸ்டாண்டு செய்து முடித்துத் திருப்பிப் பார்த்தேன், அடியில் எம்.பி. இழைப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை முடித்த பிறகு பார்த்தேன்.

அடுத்தது எபாக்ஸி. வெடிப்பு விட்ட பலகையில் நீல எபாக்ஸி ஊற்றி ‘ஆற்று மேஜை’ செய்கிறோம். படம் எடுத்தால் அழகு. பெட்ரோலியத்திலிருந்து வந்த பிசினை மரத்தோடு ஒட்டிவிட்டால், நாளைக்கு அந்த மரத்தைப் பிரித்து வேறு வேலைக்கு எடுக்க முடியாது. அதற்குப் பசுமை என்று பேர் வைப்பது நியாயமில்லை.

இதைவிடப் பெரிய தவறு வேறு இடத்தில் இருக்கு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. என் மாமனார் தோப்பில் விழுந்த நாலு பலாவும் எடை போட்டு விறகுக்குப் போயின. அன்றைக்கு அவருக்கு நிலத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குறை சொல்ல மாட்டேன்.

கணக்கு மட்டும் பாருங்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். 100 கிலோ மரத்தை எரித்தால் சுமார் 180 கிலோ கார்பன் டை ஆக்சைடு உடனே காற்றுக்குப் போகும். அதே பலா தஞ்சாவூருக்குப் போய் வீணையாகவோ மிருதங்கமாகவோ ஆனால், அந்தக் கார்பன் பல பத்து வருஷம் மரத்துக்குள்ளேயே இருக்கும். இசைக்கருவிக்கு ஆகாத மரம்கூட ஸ்டூல், கதவு, பெட்டி ஆகலாம். வைரம் பாய்ந்த மஞ்சள் பலாவைக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது. வெளிப்பக்க வெள்ளை மரம்தான் உளுத்துப் போகும், அதைச் செதுக்கி எடுத்துவிடணும்.

ஆக, பொருள் எத்தனை வருஷம் நிற்கும், பழுதானால் பிரித்துச் சரி செய்ய முடியுமா என்பதுதான் சரியான அளவுகோல். இதற்கு வெளிநாட்டு வீடியோ தேவையில்லை. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர் ஓடுகிறது. வெயிலும் மழையும் பார்த்த மரம். துண்டு துண்டாகப் பூட்டிக் கட்டுவதால், ஒரு பலகை போனால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். சாஃப்ட்வேரில் நாங்கள் மாட்யூல் என்று பெருமையாகச் சொல்வது தச்சர்களுக்குப் பழைய பாடம். ஆனால் எங்கள் கொட்டகைக்கு ஒரு ஆசாரியைக்கூட இதுவரை நாங்கள் அழைத்ததில்லை. யூடியூப்தான் குரு. இது எனக்கே வெட்கமா இருக்கு.

நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லவில்லை. மூன்று வேலை செய்வோம். எம்.பி. முத்திரை இருந்தாலும், முத்திரையே இல்லாமல் கறை படிந்திருந்தாலும், அந்தப் பேலட் வேண்டாம். ஒரு ஆசாரிக்கு உரிய கூலி கொடுத்து மாதம் ஒரு ஞாயிறு சொல்லித்தரக் கேட்போம். மூன்றாவது, விழுந்த மரத்தை வாங்கி சா மில்லில் பலகையாக அறுத்து, முனைகளில் மெழுகு தடவி, நடுவில் ரீப்பர் கட்டை வைத்து நிழலில் அடுக்குவோம். ஒரு அங்குலப் பலகை காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு இந்தப் பொறுமைதான் கஷ்டம்.

கடலூருக்குப் புயல் மறுபடியும் வரும். அப்போது சாயும் பலாவில் நாலையாவது விறகுக் கடைக்கு முன்னால் நாம் போய்ப் பார்த்துவிட்டால், அந்த நோட்டீஸைத் தைரியமா ஒட்டலாம்.