பச்சைக்கல்லும் பகுத்தறிவும்

கொடைக்கானலுக்கும் அப்பால், மலை மடிப்புகளுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது போளூர். சரிவெங்கும் படிப்படியாய் வயல்கள். அவற்றிலே பூண்டும் உருளைக்கிழங்கும். அவ்வூரிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நம்மிடம் ஒருநாள் மாணவனொருவன் ஓடி வந்தான். உள்ளங்கையிலே பச்சை நிறப் பொம்மை. தொந்தி சரிய, வாய் விரியச் சிரிக்கும் மொட்டைத் தலையர். கொடைக்கானல் கடையொன்றிலே அவன் தந்தை வாங்கி வந்தாராம்.

“சீனத்துப் புத்தராம், ஐயா. பழங்காலத்துப் பச்சைக்கல்லாம். தொந்தியைத் தடவிவிட்டுப் போனால் தேர்விலே தேறிவிடலாமாம். மெய்தானா?”

பக்கத்தில் நின்ற தோழரொருவர் சட்டெனச் சொன்னார்: “பொம்மையைத் தூக்கி எறி, புத்தகத்தைக் கையில் எடு!”

கைதட்டத் தூண்டும் விடைதான். நாமும் புன்னகைத்தோம். ஆனால், அன்றிரவு அந்த விடை நம்மை உறுத்திற்று. பிள்ளையின் பேச்சிலே இரண்டு கேள்விகள் இருந்தன. இது என்ன? இதனால் என்ன கிடைக்கும்? தோழர் இரண்டாவதற்கு விடையளித்தார். முதலாவதைப் பொம்மையோடு சேர்த்து எறிந்துவிட்டார். எறியப்பட்ட அந்தக் கேள்வியை எடுத்துத் தூசு தட்டிப் பார்ப்போம்.

முதலிலே, தொந்திக்காரர் புத்தரல்லர். கபிலவத்துவின் அரண்மனையைத் துறந்த கௌதமருக்கும் அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அவர் பெயர் புடாய். துணிப்பை என்று பொருள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீனத்தின் சேச்சியாங் பகுதியில் பையைத் தோளில் மாட்டி ஊர் ஊராய்த் திரிந்த துறவி என்பது மரபு. இனி வரப்போகும் மைத்திரேய புத்தரின் வடிவம் என்று அவரைப் பின்னாளில் கொண்டாடினர். ஒன்றும் சேர்க்காமல் திரிந்த பிச்சைக்காரரின் தொந்தியைத் தடவினால் செல்வம் சேரும் என்று இன்று வணிகம் நடக்கிறது! வாழ்ந்தபோது அவரிடம் இருந்தது ஒரு பை. இன்று அவரை வைத்து நிரம்புவது எத்தனை பைகள்!

அடுத்து, அந்தக் கல். ஜேடு என்று உலகம் அழைக்கும் கல்லைப் பச்சைக்கல் என்கிறோம். மரகதம் என்று மயங்குவாரும் உண்டு. மரகதம் வேறு, இது வேறு. பச்சை என்பதும் முழு உண்மையன்று. வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு எனப் பல நிறங்களில் இது கிடைக்கும். ஆட்டுக் கொழுப்பைப் போன்ற வெண்மையையே சீனர் உயர்வாகப் போற்றினர். நெஃப்ரைட், ஜேடைட் என இருவேறு கனிமங்கள் ஒரே பெயரில் வழங்குவதைப் பிரெஞ்சு வேதியியலார் தாமூர் 1863இல் தெளிவாக்கினார். சீனத்தின் பழஞ் செதுக்கல்கள் நெஃப்ரைட். பருமாவின் ஜேடைட் பெருமளவில் அங்கே சென்றது பதினெட்டாம் நூற்றாண்டு முதல்தான்.

இந்தக் கல்லையும் மூடநம்பிக்கை விட்டுவைக்கவில்லை. உடலை அழியாமல் காக்கும் என்று நம்பினர் ஹான் காலத்து மன்னர்கள். கி.மு. 113இல் இறந்த இளவரசன் லியூ செங்குக்கு 2,498 ஜேடு வில்லைகளைப் பொன் கம்பியால் கோத்துத் தலை முதல் கால் வரை சட்டை தைத்துப் போர்த்தினர். 1968இல் மான்செங் மலைக் கல்லறையைத் திறந்தபோது சட்டை இருந்தது. உடல் மக்கிப் போயிருந்தது. கல் தன் வேலையைச் செய்தது. கற்பனை தன் வேலையைச் செய்யவில்லை!

“அப்படியானால் நமக்கென்ன அக்கறை, அரசர்களின் ஆடம்பரக் கல்லிலே?” என்று கேட்பீர்கள். அக்கறை அங்கேதான் தொடங்குகிறது, தோழர்களே!

ஜேடைச் செதுக்க முடியாது. வழக்கத்துக்காகச் செதுக்கல் என்கிறோம். உளி அதற்கு உதவாது. இழை இழையாய்ப் பின்னிப் பிணைந்த அமைப்பு நெஃப்ரைட்டுடையது. சாதாரணக் கத்தி அதைக் கீறுவதில்லை. அதை மணலால்தான் தேய்க்க வேண்டும். கல்லை விடக் கடினமான மணலை நீரில் குழைத்து, காலால் மிதித்துச் சுழற்றும் வட்டத் தகட்டின் விளிம்பிலே இட்டு, கல்லை அதன் மேல் ஏந்திப் பிடித்து, நாள் கணக்காய், மாதக் கணக்காய்த் தேய்க்க வேண்டும். தகடு சுழல்கிறது, மணல் அரிக்கிறது, மனிதன் காத்திருக்கிறான். மழுப்பலுக்கு இடமில்லை. ஒருமுறை தேய்ந்தது தேய்ந்ததுதான்.

இந்தத் தொழிலிலே விளைந்த பௌத்தச் செதுக்கல்களுள் சிறந்த ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். சீனப் பேரரசன் சியென்லுங் காலத்தது, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆற்றிலோ மலையிலோ எடுத்த கற்பாளத்தின் இயல்பான உருவை அழிக்காமல், அதையே மலையாக்குகிறான் கைவினைஞன். நடுவிலே ஒரு குகையைக் குடைகிறான். குகைக்குள்ளே ஒரு முதியவர். அடர்ந்த புருவம், புடைத்த நெற்றி, பெரிய மூக்கு. முழங்காலைக் கட்டிக்கொண்டோ, கோலை ஊன்றிக்கொண்டோ அமர்ந்திருக்கிறார். அவரே அருகர், புத்தரின் அறவழியில் நின்று தெளிவு பெற்றவர்.

இந்த முகம் எங்கிருந்து வந்தது? குவான்சியூ என்ற துறவி ஓவியர், 832 முதல் 912 வரை வாழ்ந்தவர், பதினாறு அருகர்களை வரைந்தார். கனவில் கண்ட முகங்கள் என்றாராம். கனவோ, கடைத்தெருவோ, அவை சீன முகங்களல்ல. மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த அயலார் முகங்கள். அந்த ஓவியங்கள் என்று போற்றப்பட்டவற்றை 1757இல் ஹாங்சௌ நகரிலே கண்டு வியந்தான் சியென்லுங். அவை 1764இல் கல்லிலே பொறிக்கப்பட்டன; அக்கல்லின் வழியே கைவினைக் கூடங்களுக்கும் பரவின. பதினாறு அருகர் பட்டியலைச் சீனத்துக்குத் தந்த நூலோ, இலங்கையைச் சேர்ந்த நந்திமித்திரர் உரைத்ததாக வழங்குவது. 654இல் அதைச் சீனமாக்கியவர் யுவான் சுவாங். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சி நகரத்துக்கு வந்து சென்ற அதே யுவான் சுவாங்தான்!

இதைச் சொன்னவுடன், “பார்த்தாயா, எல்லாம் நம்மிடமிருந்து போனதே!” என்று மார் தட்டத் துடிக்கும் நாவை அடக்கிக் கொள்வோம். போனது கருத்து, ஆக்கியது சீனத்துக் கை. கருத்துக்கும் கைக்கும் உரிய பங்கைப் பிரித்துக் கொடுப்பதே நேர்மை.

இனி, செதுக்கலின் குணமும் குற்றமும். குணம் இது: கல்லின் மேல்தோல் பழுப்பாயிருந்தால் அதை உரித்தெறியாமல் பாறையின் நிறமாக்குகிறான்; வெடிப்பு இருந்தால் அருவியாக்குகிறான். கல்லின் குறையே காட்சியாகிறது. மலை பெரிதாகவும் மனிதர் சிறிதாகவும் இருந்தும், கண் முதலில் போய் நிற்பது மனிதரிடத்திலே. தலைக்குப் பின்னே ஒளிவட்டமில்லாமலும் அவர் ஒளிர்கிறார். மெலிந்த உடலும் சுருங்கிய தோலும், சிந்திப்பவரின் சோர்வும் நமக்குத் தெரிகின்றன. கடவுளைக் காட்ட வந்த கலை, முதுமையைக் காட்டிவிட்டுப் போகிறது. முதுமையைக் கண்டுதானே கௌதமரும் சிந்திக்கத் தொடங்கினார் என்கிறது கதை!

குற்றமும் உண்டு, பெரிய குற்றம். இத்தகைய அரண்மனைச் செதுக்கல்கள் பலவற்றில் பாறை முகத்திலே பேரரசனின் பாட்டு பொறிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் எழுத்துக்குப் பொன் பூசி. எல்லாம் துறந்தவரின் குகை வாயிலிலே எல்லாம் உடையவனின் கையெழுத்து! தேய்த்தவன் பெயர் எங்கே? தேடினாலும் கிடைப்பது அரிது. துறவின் வடிவம் அரசனின் மேசைமேல் அலங்காரமான அன்றே, அதன் பொருளில் பாதி தேய்ந்து போயிற்று.

கல் வந்த வழியையும் காண்க. 1759இல் கிழக்குத் துருக்கிஸ்தானத்தை சியென்லுங்கின் படைகள் வென்ற பின்னரே கோத்தான், யார்க்கந்து மலைகளின் ஜேடு, திறையாகத் தலைநகர் நோக்கிப் பெருகிற்று. யார்க்கந்தை ஆண்ட காவ்பூ என்ற அதிகாரி, ஆயிரக்கணக்கான உய்குர் மக்களைக் கட்டாயப்படுத்திக் கல் வெட்டச் செய்து, கள்ளத்தனமாய் விற்றான், 1778இல் கொல்லப்பட்டான். அரசனுக்குச் சேர வேண்டிய கல்லைத் திருடியதற்குத் தண்டனை கிடைத்தது. மக்களிடமிருந்து வியர்வையைத் திருடியதற்கு? பேரரசே தண்டனை பெற வேண்டியிருந்திருக்கும்!

வெள்ளத்தைத் தடுத்த மாயூவின் கதையைக் காட்டும் மாபெரும் ஜேடு மலை பெய்ஜிங் அரண்மனைக் காட்சிச்சாலையில் நிற்கிறது. உயரம் 2 மீட்டருக்கு மேல்; எடை 5 டன்னுக்கு மேல். மெழுகில் செய்த மாதிரி யாங்சௌ வெயிலில் உருகிவிடும் என்று மரத்தில் மாதிரி செய்து, ஆண்டுக்கணக்காய்த் தேய்த்து, 1787இல் முடித்தனர். பௌத்தச் சின்னமன்று அது. ஆயினும் அருகர் குகையும் அதே கூடங்களின், அதே கைகளின் பிள்ளைதான். உழைப்பைக் கண்டு நெஞ்சு நிமிர்கிறது. உழைத்தவன் நிலையை எண்ணித் தலை குனிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். ஒன்று மட்டும் நிகழ்ந்தால் நாம் பாதிக் கண்ணால் பார்க்கிறோம் என்று பொருள்.

“சிலையென்றாலே விலகு” என்னும் தோழருக்கு நாம் சொல்ல விழைவது இதுதான். வணங்க மறுப்பது நம் உரிமை. பார்க்க மறுப்பது எப்படி அறிவாகும்? வழிபடுகிறவன் கல்லிலே கடவுளைக் கண்டு மனிதனை மறக்கிறான். எறிகிறவனும் கல்லிலே கடவுளை மட்டுமே கண்டு மனிதனை மறக்கிறான். இருவருக்கும் என்ன வேறுபாடு?

இது வெறும் சொல்லாடலன்று. நாகப்பட்டினத்தைப் பாருங்கள். இராசராசன் காலத்திலே ஸ்ரீவிசய மன்னர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் அங்கே இருந்தது. ஆனைமங்கலம் என்னும் ஊர் அதற்குக் கொடையாயிற்று. 1267இல் அங்கே சீனர் எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றைச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்திருக்கிறார். ‘சீனக் கோயில்’ என்று ஐரோப்பியர் அழைத்த செங்கற் கோபுரமொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவ்வூரில் நின்றது. 1867இல் ஏசு சபைத் துறவியர், அரசின் இசைவோடு, அதை இடித்தனர். அவர்கள் கண்ணுக்கு அது செங்கற் குவியல். 1856 முதல் 1934 வரை அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. படிமம் பிழைத்தது, கோபுரம் போயிற்று. இடித்த கை மதப் பற்றுடைய கை. பகுத்தறிவின் பெயரால் எறியும் கை அதே வேலையைச் செய்யலாமா?

மறுநாள் வகுப்பிலே அந்தப் பொம்மையை மேசைமேல் வைத்தோம். “இரும்பாணியால் அடியிலே ஒரு கோடு போடு” என்றோம். போட்டான், கோடு ஆழமாய் விழுந்தது. பச்சைச் சாயம் ஏற்றிய பிசின் அச்சு! வகுப்பு சிரித்தது, பையன் முகம் வாடிற்று. அப்போதுதான் அருகர் குகையின் படத்தை எடுத்துக் காட்டினோம். மணலும் நீரும் தகடும் சுழன்ற கதையைச் சொன்னோம். பையன் நெடுநேரம் படத்தையே பார்த்தான். பிறகு கேட்டான்: “இதைச் செய்தவர் பெயர் என்ன, ஐயா?”

தேர்வுக்கு வழி கேட்டு வந்த பிள்ளை, தொழிலாளியின் பெயர் கேட்டான். அதற்கு நம்மிடம் விடையில்லை. அரசனின் பெயர்தான் கல்லில் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தோழர் எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். எறியச் சொல்லவில்லை.