ஆப்செஷன்: மலிவு விலை ஆம்பரை எப்போது முகர்ந்து பார்ப்பது?

கால்வின் க்ளைனின் ஆப்செஷன் (பெண்களுக்கானது, 1985) பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புதான் கிடைக்கும். ஒன்று, "ஆன்ட்டி சென்ட்". இன்னொன்று, "இந்த விலைக்கு இது போதும்". இரண்டாவது பாராட்டு மாதிரி தெரியும், ஆனால் அதுவும் ஒரு இளக்காரம்தான். இரண்டு மாதமாக ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்து வருகிறேன் (பாட்டில் மனைவியுடையது, பாதி என் மணிக்கட்டில்தான் செலவானது). விலைக்காக இதை மன்னிக்கத் தேவையில்லை. முதல் பத்து நிமிடத்துக்காக மன்னித்தால் போதும் என்பது என் கட்சி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆம்பர் என்றதும் நம்மூர் செய்தித்தாளில் அடிக்கடி "திமிங்கல எச்சம் கடத்தல், பறிமுதல்" என்று வருமே, அது ஞாபகம் வரும். அது ஆம்பர்கிரிஸ், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் சமாச்சாரம். மாலையாகக் கோக்கிறார்களே, அந்த மஞ்சள் நிறப் பிசின் கல்லும் ஆம்பர்தான். சென்ட்காரர்கள் சொல்லும் ஆம்பர் இந்த இரண்டுமே இல்லை. அது ஒரு கலவை. லாப்டனம், வெனிலா, பென்சாயின் மூன்றையும் சேர்த்தால் வருகிற வெதுவெதுப்பான, இனிப்பான, கொஞ்சம் தோல் வாடை கலந்த மணம்.

லாப்டனம் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் சிஸ்டஸ் புதரின் பிசின். ஆட்டுத் தாடியில் ஒட்டிக்கொள்வதைச் சேகரிப்பார்கள் என்று ஹெரோடோட்டஸ் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பென்சாயின் வேறு ஒன்றுமில்லை, சாம்பிராணி. சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களிலிருந்து வருவது. கட்டியாக வாங்கித் தணலில் போடுவோமே, அந்த அசல் சாம்பிராணியைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் சாம்பிராணியை அல்ல. (அந்தப் பெயரை யார் வைத்தாரோ, எங்கள் துறைக்குக் கிடைத்த ஒரே மங்களகரமான விளம்பரம்.) ஆக, ஆப்செஷனை முகர்ந்துவிட்டு நம் வீட்டில் யாராவது "என்ன, சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு?" என்றால் அது கிண்டல் இல்லை, சரியான பகுப்பாய்வு. மேற்கத்தியர்கள் இந்த வகைக்கு ரொம்ப காலம் "ஓரியண்டல்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மைக்கேல் எட்வர்ட்ஸின் பிரபலமான சென்ட் வகைப்பாடு 2021இல்தான் அதை "ஆம்பர்" என்று மாற்றியது.

இனி விலைக்கு வருவோம். இந்தக் கலவையின் முதுகெலும்பு வெனிலின். 1874இல் டீமன், ஹார்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். இன்று உலகில் பயன்படும் வெனிலினில் நூற்றில் ஒரு பங்குகூட வெனிலா காயிலிருந்து வருவதில்லை. மலிவான, சக்திவாய்ந்த பொருள். கெர்லானின் ஜிக்கி (1889), கோட்டியின் எமரோட் (1921), கெர்லானின் ஷாலிமார் (1925) எல்லாமே இந்த மலிவுப் பொருளை அச்சமில்லாமல் பயன்படுத்திப் பெயர் வாங்கியவை. ரோஜா எண்ணெய் கிலோ பல லட்சம். அதனால் மலிவான ரோஜா சென்ட் உடனே மாட்டிக்கொள்ளும். மலிவான ஆம்பருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. ஐந்து மடங்கு விலை கொடுத்தாலும் அடிமணத்தில் வேலை செய்யப்போவது பெரும்பாலும் அதே வெனிலின், அதே பிசின்கள்.

அப்படியென்றால் மலிவு எங்கே தெரியும்? ஆரம்பத்தில். எலுமிச்சை, பெர்கமட், ஆரஞ்சு வகையறாதான் முதலில் மூக்கில் ஏறும். நான் படித்த பி.இ.யில் கெமிஸ்ட்ரி முதல் வருஷத்தோடு சரி, இருந்தாலும் இந்த எண்களைப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, வெனிலின் 285இல். இத்தனைக்கும் மூலக்கூறு எடை 136, 152 என்று பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்பவை, சுலபத்தில் ஆவியாகாது. ஆக, சிட்ரஸ் அரை மணியில் காலி, வெனிலின் ராத்திரி வரை நிற்கும். கடைக்காரர் அட்டையில் அடித்து நீட்டி, பத்து விநாடியில் "எப்படி மேடம் இருக்கு?" என்று கேட்கும்போது நாம் மதிப்பிடுவது காலியாகப்போகிற பகுதியை. எந்த வகை சென்டுக்கும் இது கொஞ்சம் அநியாயம். ஆம்பருக்கு மகா அநியாயம்.

ஆப்செஷனின் ஆரம்பம் நிஜமாகவே மோசம். மாண்டரின், மசாலா, ஏதோ கூர்மையான ரசாயனம் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வரும், இருமல் சிரப் மூடியைத் திறந்த மாதிரி. ஷாலிமாரில் இந்த இடத்தில்தான் காசு செலவாகியிருக்கிறது: பெர்கமட் தாராளம், குளிர்ந்த காற்று மாதிரி ஒரு தொடக்கம், பிறகு அடியிலிருந்து வெனிலாவும் புகையும் மெதுவாக மேலே வருகிறது. அந்தக் குளிருக்கும் சூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஷாலிமாரின் அழகு. ஆப்செஷனில் இடைவெளியே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே பழுப்பு நிறம். ஷான் கிஷார் என்ற பெர்ஃப்யூமர் வடிவமைத்தது. பயணம் வேண்டாம், வீட்டிலேயே இருப்போம் என்று அவர் முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். கூர்மை எல்லாம் உதிர்ந்திருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் இனிப்பு, பிசின், சந்தனம் மாதிரி ஒரு மழமழப்பு, அடியில் லேசான மிருக வாடை. கழுத்தோரம் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் இருக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு மணிக்கட்டில் இதையும் இன்னொன்றில் ஷாலிமாரையும் வைத்து, எது எது என்று சொல்லாமல் நான்கு பேரிடம் நீட்டினேன். மூன்று பேர் ஆப்செஷன் பக்கம். நான்கு பேரை வைத்து ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் "விலை அதிகமானது எது?" என்று கேட்டபோது ஒருவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தள்ளுபடி நேரத்தில் ஆப்செஷன் 100 மில்லி பாட்டில் ஷாலிமாரின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்.

இன்றைய மலிவு ஆம்பர்களோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. 1992இல் முக்ளரின் ஏஞ்சல் வந்தது. அதிலிருந்து இனிப்பு என்றாலே எத்தில் மால்டால், அதாவது பஞ்சு மிட்டாய் வாசனை என்றாகிவிட்டது. இப்போது "வார்ம், ஸ்வீட், ஆம்பர்" என்று விற்கும் பாட்டில்களில் பாதிக்கு மேல் திறந்தால் பொருட்காட்சி வாசலில் நிற்கிற உணர்வுதான் எனக்கு வருகிறது. ஆப்செஷன் அதற்கு முந்தைய காலத்து இனிப்பு. சர்க்கரை இல்லாமல், பிசினிலிருந்து வருகிற இனிப்பு. இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் "ஆன்ட்டி சென்ட்" என்கிற வசை எதைக் குறிக்கிறது என்று புரியும். மிட்டாய் வாசனைக்குப் பழகிய மூக்குக்குப் பிசின் வயதானதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆன்ட்டிகளின் மூக்கில் என்ன கோளாறு என்று யாரும் இதுவரை எனக்கு விளக்கவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்செஷன் என்றால் ஒன்றின் மீது வெறிகொண்டு அலைவது. 1985இல் ரிச்சர்ட் அவெடன் எடுத்த டிவி விளம்பரங்கள், நிர்வாண உடல்கள் வந்த பத்திரிகைப் பக்கங்கள் எல்லாம் அந்த வெறியைத்தான் விற்றன. பாட்டிலுக்குள் இருப்பதோ நேர் எதிர். கம்பளிப் போர்வை, ஆறின பால், மார்கழி மாத விடியல். என் கணிப்பில் இவ்வளவு ஆறுதலான சென்டுக்கு இவ்வளவு பொருந்தாத பெயர் வேறு கிடையாது. வெறி வந்தது மனிதர்களுக்கு இல்லை, புலிகளுக்கு. நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் 2003இல் சிறுத்தைகளிடம் பல சென்ட்களை வைத்துப் பார்த்தபோது, சராசரியாக 11 நிமிடம் மோந்துகொண்டு நின்றது ஆப்செஷன் ஃபார் மென் முன்னால். 2018இல் மகாராஷ்டிராவில் அவ்னி புலியைத் தேடியபோதும் அதைத்தான் தெளித்தார்கள். அது 1986இல் வந்த ஆண்கள் பாட்டில், இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள்.

பழைய பாட்டில்தான் அசல், இப்போது வருவது தண்ணி என்று புலம்புகிறவர்கள் உண்டு. பழைய சென்ட்களில் தாராளமாக இருந்த ஓக்மாஸ் பாசிச்சாற்றில் ஒவ்வாமை தரும் அட்ரனால், குளோரோ அட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. அதனால் இந்தக் காலத்து சென்ட்கள் பலவற்றின் கசப்பு விளிம்பு மழுங்கியது வாஸ்தவம். ஆனால் ஆம்பரின் பாரம் பாசியில் இல்லை. ஷிப்ர வகை சென்ட்களுக்கு விழுந்த அடியோடு ஒப்பிட்டால் இது சிராய்ப்பு.

வாங்குவதாக இருந்தால், கடையில் மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து முகருங்கள். மே மாத வெயிலில் வேண்டாம், மூச்சு முட்டும். ஏசி ஆபீசுக்கோ மழை நாளுக்கோ ஒரு ஸ்ப்ரே போதும், இரண்டாவது பக்கத்து சீட்காரருக்குத் தண்டனை. பருத்தி துப்பட்டா ஓரத்தில் அடித்தால் மறுநாள் காலையில் கிடைக்கும் மணம் தோலில் வருவதைவிட நன்றாக இருக்கிறது. வெளிர் நிறப் பட்டில் மட்டும் அடிக்காதீர்கள். வெனிலின் நாள் ஆக ஆகப் பழுப்பாகும், கறை போகாது.