சாவுக்குத் தவணை கிடையாது

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. மீமுரைக்குத் திரும்பும் சந்தி என்றால் பயணிகளுக்குத் தெரியும். அதைப்போன்ற மலைநாட்டு ஊர்களில் சிங்களக் கிராமத்துக்கும் தோட்ட லயத்துக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டென்றால் அது மரண உதவிச் சங்கம். மாதாமாதம் சந்தா கட்டுவார்கள்; சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் அன்றைக்கே காசு கைக்கு வரவேண்டும். "அறிக்கை அனுப்பியிருக்கிறோம், அடுத்த தவணை வந்ததும் தருகிறோம்" என்று செயலாளர் சொன்னால், அத்தோடு சங்கம் முடிந்தது.

இந்தச் சங்கத்தைப் படிக்கல்லாக வைத்து நம் தொண்டு நிறுவனங்களை நிறுத்துப் பார்க்கலாம். போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்யோதய என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதல், மலையகத்து உரிமைப் பேச்சில் இத்தகைய அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. செய்த வேலையின் மதிப்பு இங்கே வழக்கில்லை. வெளியிலிருந்து வரும் பணம் நின்றுபோனால் அந்த வேலை எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 8 இலட்சம் ரூபா செலவாகும் ஓராண்டுத் திட்டம். மொத்தம் 96 இலட்சம். கொடையாளர் முதலில் 40 வீதம் தருகிறார்: 38.4 இலட்சம். அடுத்த 50 வீதம் இடைக்கால அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு. மிச்சம் கணக்காய்வு முடிந்த பின். அறிக்கை தாமதித்து, இரண்டாம் தவணை எட்டாம் மாதத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் மாத முடிவில் செலவு 56 இலட்சம்; கையில் 17.6 இலட்சம் துண்டு விழுகிறது. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சதமும் நட்டமில்லை. ஆனாலும் வெளிக்கள உத்தியோகத்தருக்குச் சம்பளமில்லை. இலாபநட்டக் கணக்கு வேறு, காசுப்பாய்ச்சல் வேறு என்று உயர்தர வணிகப் பிரிவில் படித்ததை நிறுவனங்கள் மறப்பது இந்த இடத்தில்தான். இன்னொரு திட்டத்தின் கணக்கிலிருந்து "கைமாற்று" எடுக்கும் பழக்கமும் இங்கேதான் பிறக்கிறது. அந்தப் பணம் வங்கியில் கிடந்தாலும் நிறுவனத்துடையதல்ல. குறித்த வேலைக்கென்று கட்டுப்பட்டது.

நாணயமாற்று விகிதம் இன்னொரு பொறி. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த விலையை நம்பி அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட்டவர்கள், 2023இன் நடுவில் டொலர் 300 அளவுக்கு இறங்கியதும் ஆறில் ஒரு பங்கை இழந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது தவணையைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

சொந்தத் தொழில் நடத்தினால் என்ன? இதற்கு இலங்கையின் பெரிய சான்று சர்வோதயம். ஏ. டி. ஆரியரத்ன 1958இல் சிரமதானத்தோடு தொடங்கிய இயக்கம், 1980களில் வெளிநாட்டுக் கொடையாளர் கூட்டமைப்பு ஒன்றின் பணத்தால் பெருத்தது. 1990களின் முற்பகுதியில் அந்த உதவி சுருங்கியதும் ஆட்குறைப்பு வந்தது. இயக்கத்தின் சேமிப்பு, கடன் பிரிவாக வளர்ந்த 'சீட்ஸ்' பின்னர் நிதிக் கம்பனியாகி, 2021இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. பிழைக்கும் வழியாக இது வெற்றிதான். ஆனால் பங்குதாரர் வந்தபின் இலாபத்துக்கு இன்னொரு உரித்தாளர் முளைக்கிறார். நுண்கடன் வழியில் போகும் எந்தத் தொண்டு அமைப்புக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: கை கொடுத்தவரே கடன் கொடுத்தவருமானால், தவணை தவறிய பெண் யாரிடம் போய் முறையிடுவாள்?

அப்படியானால் சந்தாவே போதுமா? போதாது. பத்தாம் திகதிச் சம்பளத்தை எதிர்பார்த்துக் கடையில் கொப்பி வைத்திருக்கும் குடும்பத்திடம், காணி வழக்குக்கும் பாலர் பள்ளி ஆசிரியைக்கும் நீயே செலவு செய் என்பது சுயசார்பு அல்ல, கைகழுவல். மரண உதவிச் சங்கம் நிற்பதற்கு அது ஏற்ற பொறுப்பு சிறிதாக இருப்பதும் ஒரு காரணம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலைக்கு வெளிப்பணம் வரலாம்; நிற்பதற்கான கால் சொந்தக் காலாக இருக்கவேண்டும். வாடகை, கணக்காளர், மூன்று மாதச் சம்பளம் ஆகியவற்றுக்குக் கட்டில்லாத ஒதுக்கம் இல்லாத நிறுவனம் புதிய திட்டத்தில் கையெழுத்திடக் கூடாது. முதல் குற்றவாளி, பயிற்சிப்பட்டறைக்குப் பணம் தந்து நிர்வாகச் செலவை வெட்டும் கொடையாளர். பெறும் கொடையில் 3 வீதத்தை இலாபமாகக் கருதி வரி கேட்கும் சட்டமும் ஒதுக்கம் சேர உதவவில்லை. ஆனால் வெட்டப்பட்ட திட்டத்தில் தெரிந்தே ஒப்பமிட்ட நிருவாகசபைக்கும் மன்னிப்பில்லை.

மரண உதவிச் சங்கத்தை அளவுகோலாக எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே கூட்டத்தில் கையிருப்பை வாசித்தாகவேண்டும், சந்தா கட்டிய கிழவி எழும்பி, "மிச்சம் எவ்வளவு?" என்று கேட்பாள். பல தொண்டு நிறுவனங்களின் ஐந்தொகை கடல் கடந்து போய்ச் சேர்கிறது. அது யார் பெயரால் எழுதப்பட்டதோ, அவர்களிருக்கும் லயத்துக்கு வருவதில்லை.