பென்டிரைவில் ஒரு லினக்ஸ்: வீட்டுக்காரரிடம் எவ்வளவு கேட்கலாம்?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில், அதை நிறுத்தாமலேயே உள்ளே ஒரு லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் ஆசை இருபது வருஷத்துக்கும் மேல் பழசு. இதற்காக வந்த மென்பொருள்களைப் பற்றிப் படித்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கண்ணில் படும்: எது வேகம்? இந்தக் குறிப்பில் நான் வேறொரு கேள்வியை வைத்து அவற்றை எடைபோடப் பார்க்கிறேன். வெளியே இருக்கும் இயங்குதளத்தை வீட்டுக்காரர் என்றும், உள்ளே வரும் லினக்ஸைக் குடித்தனக்காரர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குடிவருகிறவர் வீட்டுக்காரரிடம் என்னென்ன கேட்கிறார்?

இது ஏன் முக்கியம்? சொந்த லேப்டாப் இருப்பவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. டிஸ்கைப் பிரித்து லினக்ஸைத் தனியாகவே போட்டுக்கொள்வார். காலேஜ் லேபிலோ, பிரவுசிங் சென்டரிலோ, அண்ணனின் கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஒரு மணி நேரத்திலோ படிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. பயாஸில் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள், அதனால் பென்டிரைவிலிருந்து பூட் செய்வதும் நடக்காது. ஓடுகிற விண்டோஸுக்குள் ஒரு ஐகானைத் தட்டினால் தன் லினக்ஸ் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும். 'போர்ட்டபிள்' என்ற சொல் உண்மையில் இவருக்கானது. அளவுகோலும் இவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் கோலினக்ஸ். 2004-ல் டான் அலோனி வெளியிட்டார். யோசனை அபாரமானது. வன்பொருள் முழுவதையும் பாவனை செய்யும் சிரமம் இல்லாமல், லினக்ஸ் கர்னலையே கொஞ்சம் திருத்தி, விண்டோஸ் கர்னலுக்குப் பக்கத்தில் அதே அதிகாரத்தோடு உட்கார வைத்துவிட்டார். இரண்டும் மாறி மாறி புராசஸரைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் வேகம் கிட்டத்தட்ட நிஜக் கம்ப்யூட்டரில் கிடைப்பதுதான். இதை அடித்தளமாக வைத்து ஆண்ட்லினக்ஸ், போர்ட்டபிள் உபுண்டு போன்றவை வந்தன. திரைக்கு விண்டோஸ் பக்கம் ஓடும் எக்ஸ் சர்வரைப் பயன்படுத்தியதால், லினக்ஸ் ஜன்னல்கள் விண்டோஸ் ஜன்னல்களோடு கலந்து தெரியும். அப்போது பார்த்தவர்கள் அசந்துதான் போனார்கள்.

ஆனால் கேட்டது என்ன? விண்டோஸ் கர்னலுக்குள் ஒரு டிரைவரை ஏற்ற வேண்டும், அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். பெயரில் 'போர்ட்டபிள்' இருந்தும், அனுமதி இல்லாத லேபில் போர்ட்டபிள் உபுண்டு ஓடாது. பென்டிரைவில் கோப்புகளை எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். இன்னொன்று, இரண்டு கர்னலும் ஒரே அதிகார மட்டத்தில் இருப்பதால் உள்ளே ஒன்று கவிழ்ந்தால் வெளியே இருப்பதையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். கடைசியாக, விண்டோஸின் உள்ளமைப்போடு அவ்வளவு நெருக்கமாகப் பின்னிய ஒன்று, அந்த உள்ளமைப்பு மாறும்போது தாங்காது. 64 பிட் விண்டோஸில் கோலினக்ஸ் ஓடவே இல்லை. கையொப்பமிட்ட டிரைவர் மட்டுமே 64 பிட் விண்டோஸில் ஏறும் என்று விஸ்டா காலத்திலிருந்தே விதி வேறு. உலகம் 64 பிட்டுக்கு மாறியதும் கோலினக்ஸின் கதை முடிந்தது. வேகத்தைத் தந்த அதே நெருக்கம்தான் அதன் ஆயுளையும் குறுக்கியது என்பது என் கணிப்பு.

எதிர்முனையில் க்யூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் தொடங்கியது. இது ஒரு முழுக் கம்ப்யூட்டரையே மென்பொருளில் பாவனை செய்கிறது. உள்ளே வரும் கட்டளைகளை ஒவ்வொரு துண்டாக மொழிபெயர்த்து ஓட்டுவதால் பல மடங்கு மெதுவு. ஆனால் வீட்டுக்காரரின் பார்வையில் இது இன்னொரு சாதாரண நிரல்தான். டிரைவர் வேண்டாம், அட்மின் வேண்டாம். டாம் ஸ்மால் லினக்ஸ் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 50 எம்பிக்குள் அடங்கிய அந்த லினக்ஸின் ஒரு பதிப்பில் க்யூஎமுவும் ஒரு பேட்ச் கோப்பும் சேர்ந்தே வரும். விண்டோஸில் அந்தக் கோப்பைத் தட்டினால் ஜன்னலுக்குள் லினக்ஸ் பூட் ஆகும்.

'மெதுவா இருந்தா யார் பயன்படுத்துவாங்க?' என்று அப்போதும் கேட்டார்கள். வேகம் கூட்ட க்யூஎமுவுக்கென்றே ஒரு முடுக்கி டிரைவரும் வந்தது. அதை ஏற்ற மறுபடியும் அட்மின் தேவைப்பட்டது! பிறகு அந்த முடுக்கியை க்யூஎமுவே கைவிட்டது. வேகம் வேண்டுமா, வீட்டுக்காரரிடம் சாவி கேள் என்ற கணக்கிலிருந்து யாரும் தப்பவில்லை. சாவி கேட்காத பழைய மெதுவான வழி இன்றும் ஓடுகிறது. பெல்லார்ட் இன்னும் ஒரு படி போய், 2011-ல் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிசியை எழுதி பிரவுசருக்குள்ளேயே லினக்ஸை பூட் செய்து காட்டினார். அதற்கு ஒரு பிரவுசர் ஜன்னல் போதும்.

இனி இன்று எல்லோரும் சொல்லும் பதில்: டபிள்யூஎஸ்எல். 2016-ல் மைக்ரோசாஃப்டே கொண்டுவந்தது. முதல் பதிப்பில் லினக்ஸ் கர்னலே கிடையாது. லினக்ஸ் நிரல்களின் அழைப்புகளை விண்டோஸ் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தந்தது. 2019-ல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் நிஜ லினக்ஸ் கர்னல், ஒரு மெலிதான மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. நன்றாகவே வேலை செய்கிறது. சொந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவருக்கு நானே இதைத்தான் பரிந்துரைப்பேன். 2025-ல் மூல நிரலின் பெரும்பகுதியையும் திறந்துவிட்டார்கள்.

ஆனால் நம் அளவுகோலில் வையுங்கள். விண்டோஸின் ஒரு வசதியை இயக்க அட்மின் வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு பயாஸில் மெய்நிகராக்கம் திறந்திருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்து ஒரே கோப்பாக எடுத்துப் போகலாம் என்பது உண்மை. ஆனால் போகிற இடத்தில் டபிள்யூஎஸ்எல் ஏற்கனவே இருந்தால்தான் அதைத் திறக்க முடியும். வீட்டுக்காரர் தன் செலவில் கட்டிக்கொடுத்த மாடி அறை இது. வசதியான அறைதான், குறை சொல்ல மாட்டேன். அதை 'போர்ட்டபிள் லினக்ஸ்' என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். கட்டிக்கொடுக்காத வீட்டில் அது இல்லை.

சரி, இன்று ஒருவர் தனக்கென்று கட்டினால் எப்படிக் கட்டலாம்? என் பரிந்துரை இதுதான்.

க்யூஎமுவின் விண்டோஸ் கோப்புகள், ஒரு டிஸ்க் இமேஜ், தொடங்கி வைக்க நாலு வரி பேட்ச் கோப்பு. அடிப்படை இவ்வளவுதான். உள்ளே ஆல்பைன் போன்ற சின்ன லினக்ஸ் போதும். டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு டெர்மினலோடு நின்றால் மெதுவு அவ்வளவாக உறுத்தாது. பைத்தான், சி கம்பைலர், கிட் எல்லாம் படிக்கிற அளவுக்கு தாராளமாக ஓடும்.

பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. வளரும் வகை டிஸ்க் இமேஜ் சத்தமில்லாமல் அந்த எல்லைக்கு வந்து முட்டும். அதனால் எக்ஸ்ஃபேட் வடிவம் நல்லது. ஸ்வாப்பை நிறுத்திவிடுங்கள், சும்மா எழுதி எழுதிப் பென்டிரைவைத் தேய்க்கும். நெட்வொர்க்குக்கு க்யூஎமுவின் யூசர் மோடே போதும். பிங் சரியாக வராது என்பதைப் பார்த்து நெட் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், பேக்கேஜ்கள் இறங்கும். லினக்ஸை முறையாக ஷட்டவுன் செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்கினால் இமேஜ் கெடலாம். எனவே உங்கள் வேலைக் கோப்புகளுக்கு இன்னொரு நகல் இமேஜுக்கு வெளியே இருக்கட்டும். இமேஜ் போனால் மறுபடி செய்துகொள்ளலாம், எழுதிய நிரல் போனால் போனதுதான்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. சில இடங்களில் பென்டிரைவிலிருந்து எந்த நிரலையும் ஓட விட மாட்டார்கள். அங்கே பிரவுசர் வழிதான் மிச்சம். வேலை பார்க்கும் இடமென்றால் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதைவிட முக்கியமாக, குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரரிடமிருந்து ரகசியம் கிடையாது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் விண்டோஸ் வழியாகத்தான் உள்ளே வருகிறது, மெமரியும் அதன் கையில்தான். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்குள் வங்கிப் பாஸ்வேர்டையோ எஸ்எஸ்எச் சாவியையோ வைக்காதீர்கள். உள்ளே லினக்ஸ் ஓடுவதால் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்கு அடிப்படையே இல்லை.

அடுத்த முறை 'போர்ட்டபிள் லினக்ஸ்' என்று எதையாவது யாராவது காட்டினால், எவ்வளவு நொடியில் பூட் ஆகிறது என்று கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். அட்மின் வேண்டுமா? டிரைவர் ஏற்ற வேண்டுமா? போகிற கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஏதாவது இருந்தாக வேண்டுமா? மூன்றுக்கும் 'வேண்டாம்' என்று பதில் வந்தால், அது மெதுவாகவே ஓடட்டும். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத ஒரு பிள்ளை அதை வைத்து லினக்ஸ் கற்றுக்கொள்ளலாம்.