காட்சியும் காணியும்: நியூயார்க் தெருவில் நின்ற கூடலூர் யானைகள்

போன மாசம் ஒரு அடுக்குமாடித் திட்டத்தின் விளம்பரப் புத்தகம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்-ஆக வந்தது. கோவைப் பக்கம் கட்டப்போகிற வீடுகள். முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் அனுப்பியிருந்தார். பையனின் படிப்புக்காக நான் கோவையில் வீடு தேடுவது அவருக்குத் தெரியும். "உங்க ஊர் கலையைப் போட்டிருக்காங்க, பாருங்க" என்று கூடவே ஒரு வரி.

ஏழாம் பக்கத்தில் வரவேற்புக் கூடத்தின் படம். செம்மண் நிறச் சுவரில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். கீழே "நீலகிரிக் குறும்பர் ஓவியம்" என்று அச்சடித்திருக்கிறது.

அது குறும்பர் ஓவியமே இல்ல. மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம். இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்தால் உடம்பு, மேலே ஒரு வட்டம் தலை: பார்த்த உடனே தெரிந்துவிடும். குறும்பர் ஓவியம் கோத்தகிரிப் பக்கத்து ஆலுக்குறும்பர்களுடையது. வேங்கைப் பிசின், இலைச்சாறு, கரி, மண் இவற்றிலிருந்து எடுக்கும் நிறங்கள். இதை நண்பருக்கு எழுதினேன். "விடுங்க, வாங்கறவனுக்கு யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

இந்த மாதிரி தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். வார்லியை எடுத்துவிட்டு அசல் குறும்பர் ஓவியத்தை மாட்டி, வரைந்தவருக்கு நல்ல கூலியும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? உள்ளூர்க் கலையும் ரியல் எஸ்டேட்டும் சேரும் இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அசல்-போலி என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அதனால் எல்லாம் சரியாகச் செய்யப்பட்ட ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்க்கிறேன். அது எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது.

கூடலூர் பக்கம் 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்' என்ற குழு உண்ணிச்செடியில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் யானைகளைச் செய்கிறது. உண்ணிச்செடி என்பது லாண்டானா. அழகுச் செடியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, இன்று காட்டின் அடித்தளத்தையே மூடிவிட்ட களை. அதன் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து அடிக்கிறார்கள். செய்பவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர். ஒவ்வொரு சிற்பத்துக்கும் முன்மாதிரி இந்தக் காட்டில் நடமாடும் ஒரு நிஜ யானை. காதின் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் பார்த்தே இது இன்ன யானை என்று சொல்கிறவர்கள் செய்யும் வேலை அது.

2021-ல் இந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போயின. ஜூலையில் நியூபோர்ட், செப்டம்பர்-அக்டோபரில் நியூயார்க்கின் மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட், டிசம்பரில் மயாமி கடற்கரை. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் திட்டங்களுக்குப் போகிறது. களை குறைகிறது, செய்பவர்களுக்குக் கூலி கிடைக்கிறது. கலையாகப் பார்த்தாலும் நல்ல வேலை. கன்றின் முதுகில் தண்டுகள் நெளியும் விதத்தைப் புகைப்படத்தில் பார்த்தாலே தோலின் சுருக்கம் தெரியும். இந்தத் திட்டத்தில் குறை தேட நான் உட்காரவில்லை.

நான் பார்ப்பது அவை நின்ற இடத்தை. மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட் ஒரு காலத்தில் இறைச்சிக் கிடங்குகள் இருந்த பகுதி. அங்கே ஓடாமல் கிடந்த சரக்கு ரயில் மேம்பாலத்தை 'ஹை லைன்' என்ற நடைப்பூங்காவாக மாற்றி 2009-ல் முதல் பகுதியைத் திறந்தார்கள். 2015-ல் விட்னி அருங்காட்சியகம் அதன் தென்முனைக்கு வந்து சேர்ந்தது. பூங்கா ஓரத்தில் சொகுசு அடுக்குமாடிகள் வரிசையாக எழும்பின. இன்று அது நியூயார்க்கின் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்று. அங்கே பொது இடத்தில் வைக்கும் ஒவ்வொரு கலைப்பொருளும் ஆட்களை வரவழைக்கிறது. ஆள் வந்தால் கடைக்கு வாடகை கூடும். வாடகை கூடினால் நிலத்தின் மதிப்பு கூடும். இதில் ரகசியம் எதுவும் இல்ல.

ஹை லைனைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட் 2017-ல் ஒரு பேட்டியில், பக்கத்தில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழை மக்களின் விஷயத்தில் தாங்கள் தோற்றுவிட்டதாகவே ஒப்புக்கொண்டார். பூங்கா எப்படி இருக்கணும் என்று அவர்களிடம் கேட்டோம், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்கவில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

நம்ம ஊரில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. சென்னை கண்ணகி நகர். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கொண்டுபோய் விட்ட இடம். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தன. படங்கள் அழகு. ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்களின் பார்வை கொஞ்சம் மாறினால் அதுவும் லாபம்தான். ஆனால் அங்கே இருப்பவரின் அடிப்படைக் குறை, வேலை பார்த்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி விடப்பட்டது. அந்தத் தூரம் பெயின்ட்டால் குறையாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. கலை, நிலத்தின் மதிப்பைக் கூட்டும். ஆனால் கூடிய மதிப்பு கலைஞனைத் தேடிப் போகாது. அந்த நிலத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவரிடம்தான் போகும். பத்திரம் இல்லாத இடத்தில் கலை வெறும் காட்சியாக நிற்கும்.

என் தொழிலில் இதற்கு ஒரு இணை உண்டு. யாரோ ஒருவர் ராத்திரி கண் விழித்து எழுதி இலவசமாகக் கொடுத்த ஓப்பன் சோர்ஸ் நூலகத்தின் மேல் பெரிய கம்பெனிகள் கோடிகளில் தொழில் செய்யும். எழுதியவருக்கு நன்றி சொல்வார்கள், சில சமயம் நன்கொடையும் கொடுப்பார்கள். கம்பெனியில் பங்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். கூலி வேறு, பங்கு வேறு.

இப்போது யானைகளின் சொந்த ஊருக்கு வருவோம். நான் இருப்பது நாடுகாணி. கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் பிரிந்து ஒன்று நிலம்பூருக்கு மலை இறங்குகிறது, இன்னொன்று தேவாலா, பந்தலூர் போகிறது. இங்கிருந்து கீழே நாடு தெரிவதால் நாடுகாணி என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். ஆனால் தமிழில் காணி என்றால் நிலம். வழிவழியாக வரும் நில உரிமைக்கும் அதே சொல். பெயரில் இருக்கிற அந்தக் காணி எங்கள் கையில் இல்ல.

நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக இருந்த சுமார் 80,000 ஏக்கருக்காக 1969-ல் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1974-ல். தோட்டக் குத்தகைகளைப் பற்றிய அதன் 17-வது பிரிவு வழக்குகளில் சிக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. "செக்ஷன் 17" என்றால் பட்டா இல்லாத நிலம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீடு நிற்கும் ஆறு சென்ட்டும் அதில்தான் வருகிறது. வீட்டைப் பெரிதாக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். சர்வே எண்ணைக் கேட்டதும் மேனேஜர் ஃபைலை மூடினார். கோவையில் வீடு தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாசச் சம்பளக்காரனான என் கதையே இது. ஆதிவாசிக் குடும்பங்களின் கதை இதைவிட நீளம். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும், உரிமைப் பத்திரத்துக்காக அலைகிறவர்கள் இந்த இரண்டு தாலுகாக்களிலும் உண்டு. யானைகளுக்கும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்ல. சீகூர் சமவெளியில் யானை வழித்தடத்தில் முளைத்த ரிசார்ட்களை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. வழித்தட அறிவிக்கை செல்லும் என்ற தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்தது. காட்டோரத்து ரிசார்ட் விளம்பரங்களைப் பார்த்தால் பாதியில் யானைப் படம் இருக்கும்.

அதனால், ஒரு கட்டுமானத் திட்டம் "உள்ளூர்க் கலை" என்று சொன்னால் நான் இனி மூன்று கேள்வி கேட்பதாக இருக்கிறேன். வரைந்தவர், செய்தவர் பெயர் எங்காவது இருக்கிறதா? கூலி ஒரு தடவையோடு முடிகிறதா, அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும்போதும் பங்கு போகிறதா? அந்தக் கலை பிறந்த ஊரில் அதைச் செய்கிறவர் காலூன்றி நிற்க நிலம் இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் பில்டர் பதில் சொல்லலாம். மூன்றாவது அவர் கையில் இல்ல, அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இருந்தும் கேட்கணும். கேட்காவிட்டால் கலை என்ற பேச்சு சுவர் நிறத்தைப் பற்றிய பேச்சாகச் சுருங்கிவிடும்.

இந்த மூன்றையும் அந்தத் திட்டத்தின் விற்பனைப் பிரிவுக்கு எழுதி அனுப்பினேன். வார்லி விஷயத்தையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, மரியாதையாகப் பேசினார். "சார், ஆர்ட்வொர்க் பிடிக்கலைன்னா பிளெயின் சுவர் ஆப்ஷனும் இருக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்த பட்டியலில் அந்த இரண்டு பதில்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை. கட்டினாலும் கட்டுவேன், பையனுக்குப் பள்ளிக்கூடம் வேணும். அங்கே பத்திரமும் பட்டாவும் சுத்தமாக இருக்கிறது.