ஒரே வரிகள், இரண்டு பாடல்கள்

ஹிப் ஹொப்பைக் கவிதை என்று சொன்னால் நம் எழுத்தாளர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. "அது சும்மா சத்தம்" என்று முடித்துவிடுவார்கள். ஆதரிப்போர் சொல்லும் காரணமும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழ்மையைப் பாடுகிறது, ஆகவே கவிதை என்கிறார்கள். ஏழ்மையைப் பாடிய மோசமான கவிதைகள் நம்மிடமே எத்தனை கிடக்கின்றன!

'த மெசேஜ்' பாடலை எடுத்துக்கொள்வோம். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் பெயரில் 1982இல் வந்தது. நியூயோர்க்கின் தென் பிரொங்ஸ் அக்காலத்தில் பாதி எரிந்துபோன ஊர். அதிவேகச் சாலையொன்று குடியிருப்புகளைப் பிளந்து சென்றது. எழுபதுகளில் தொடர்மாடிகள் தெருத் தெருவாகத் தீப்பிடித்தன. பாடலில் இந்த வரலாறு கிடையாது. கண்ணாடித் துண்டு, எலி, கரப்பொத்தான், கடன் தொல்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற மகன்... கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். பல்லவி முடிவில் ஒரு சிரிப்பு வருகிறது. அதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வராது.

கடைசிப் பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பிறந்த ஒரு பிள்ளை தெருச் சண்டியர்களைப் பார்த்து வளர்ந்து, களவுக்குப் போய், சிறைக்குள் தூக்கில் தொங்குகிறது. யாரோ ஒரு பிள்ளையின் கதையாகத் தொடங்கி, இடையில் 'நீ' ஆகிவிடுகிறது. அந்த 'நீ' செத்துப்போனவன்; இனி அவன் எதையும் திருத்த முடியாது.

மெலி மெல் எழுதிய இவ்வரிகள் 1982க்குப் புதியவையல்ல. 1979இல் வந்த 'சூப்பர்ராப்பின்' பாடலில் ஏற்கெனவே இருந்தவை. அது ஆட்டத்துக்கான வேகமான பாட்டு. தற்பெருமைக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே ஒரு சாவு ஓடி மறைந்துவிடுகிறது. 'த மெசேஜ்' மெதுவாக நடப்பது. யார் இதற்கு ஆடுவார்கள் என்று குழுவினரே தயங்கினார்கள். அந்த மெதுநடையில், அத்தனை சாமான்களையும் பார்த்து முடித்த பிறகு, அதே வரிகள் ஒப்பாரியாகிவிட்டன. சொல் மாறவில்லை, இடம் மாறியது. கவிதைக்காரனுக்குத் தெரிந்த வேலை இது.

பாடல் முடிந்தும் ஒரு சிறு நாடகம் தொடர்கிறது. தேவையற்ற ஒட்டு என்றே முதலில் தோன்றும். ஆனால் மெலி மெல் தவிர, குழுவின் மற்றவர்களுடைய குரல் கேட்பது அங்கே மட்டும்தான். மூலையில் நின்று சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பொலிஸ் வாகனம் வருகிறது. என்ன குற்றம் என்று சொல்லாமலே ஏற்றிக்கொண்டு போகிறது.